ஆரம்ப நிலை ஹாட்ஜ்கின்: கீமோ மட்டுமா, கரண்டும் சேர்த்தா?

எனக்கு வந்தது ஹாட்ஜ்கின் லிம்போமா, அதாவது நிணநீர் மண்டலத்தில் வரும் ஒரு புற்றுநோய், நிலை 2ஏ. கழுத்தில் ஒரு பக்கம் நெறி, நெஞ்சுக்கூட்டின் நடுவில் இன்னும் கொஞ்சம். காய்ச்சல், எடை இறக்கம் எதுவும் இல்லை. இந்த ரிப்போர்ட்டோடு சென்னையில் இரண்டு டாக்டரைப் பார்த்தேன்; இரண்டு வழி சொன்னார்கள், இரண்டுமே முறையான வழிதான். ஒன்று, ஏபிவிடி என்ற நான்கு மருந்துக் கீமோ 2 சைக்கிள் (சுற்று), அப்புறம் 20 கிரே கரண்ட், அதாவது கதிர்வீச்சு (கிரே என்பது அதன் அளவு). இன்னொன்று, கீமோவை 3 அல்லது 4 சைக்கிளாகப் போட்டு, பெட் ஸ்கேன் (உடலில் நோய் மிச்சம் இருக்கிறதா என்று காட்டும் ஸ்கேன்) சுத்தமாக வந்தால் கரண்டே இல்லாமல் முடிப்பது. 29 வயதில் நான் எடுத்தது இரண்டாவது. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

முடி கொட்டுவது, குமட்டல், வாய்க் கசப்பு இரண்டிலும் உண்டு. அதைத் தாண்டிவிடுவோம்.

கரண்டை விட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு கொஞ்சம் கூடும். இதை யாரும் மறைக்கக் கூடாது. 2015-இல் வெளியான பிரிட்டனின் ராபிட் (RAPID) ஆய்வில், 3 சைக்கிளுக்குப் பின் பெட் சுத்தமாக இருந்தவர்களில், கரண்ட் வைத்துக்கொண்டோரில் 94.6 சதவீதம் பேர் 3 வருடம் நோய் திரும்பாமல் இருந்தார்கள், வைக்காதவர்களில் 90.8. ஆனால் உயிரோடு இருப்பவர்கள் கணக்கில் கரண்ட் பக்கம் எந்த லாபமும் தெரியவில்லை. திரும்பினால் வேறு கீமோ, ஸ்டெம்செல் மாற்று என்று பெரிய வைத்தியம்தான். "வேரோட எடுத்துடணும்டி, மிச்சம் வைக்காதே" என்று அம்மா சொன்னதும் இந்தப் பயத்தில்தான்.

என்னைத் திருப்பியது வேறு கணக்கு: 15, 20 வருடம் கழித்து வருவது. நெஞ்சின் நடுவில் கரண்ட் வைத்தால் பக்கத்தில் மார்பகம், இதயம், மேலே தைராய்டு. 30 வயதுக்கு முன் நெஞ்சில் கதிர்வீச்சு வாங்கிய பெண்களுக்குப் பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் வரும் ஆபத்து கூடுதல் என்பது பழைய நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்துத் தெரிந்துகொண்ட விஷயம். அதனால்தான் அவர்களுக்கு மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வருடா வருடம் எம்ஆர்ஐ, மாமோகிராம் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். இதய ரத்தக்குழாய் அடைப்பும் அதே மாதிரி தாமதமாகத்தான் தலைகாட்டும். ஹாட்ஜ்கினில் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறோம். அப்புறம் வாழப்போகும் வருடங்கள்தான் பிரச்சினை.

ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் 40 கிரே வரை, கழுத்திலிருந்து நெஞ்சு முழுக்க வைத்தார்கள். இப்போது 20 கிரே, நோய் இருந்த இடத்துக்கு மட்டும், மூச்சைப் பிடித்து நிறுத்தச் சொல்லி இதயத்தை விலக்கி வைக்கிறார்கள். ஆபத்து நிச்சயம் குறைந்திருக்கும். எவ்வளவு என்பது இன்னும் பல வருடம் போனால்தான் முழுதாகத் தெரியும். தரமணியில் 2019 முதல் புரோட்டான் சிகிச்சையும் இருக்கிறது. எனக்கு அதில் அனுபவமில்லை, அபிப்பிராயமும் இல்லை.

கீமோவும் சும்மா விடுவதில்லை. ஏபிவிடியில் உள்ள சிவப்பு மருந்து டாக்ஸோரூபிசின் இதயத்தைப் பதம் பார்க்கும், பிளியோமைசின் நுரையீரலை. ஒவ்வொரு சைக்கிளிலும் இரண்டு வார இடைவெளியில் இரண்டு டிரிப்ஸ். கடைசியாக ஏறும் டக்கார்பசினை வெளிச்சம் படாமல் கறுப்புக் கவரில் மூடித் தொங்கவிடுவார்கள். கை நரம்பில் அது ஏறும்போது முழங்கை வரை காந்தும். வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், நர்ஸ் அக்கா குறைப்பார். முடிந்தால் பிக் லைன் (கை நரம்பு வழியாக நெஞ்சிலுள்ள பெரிய ரத்தக்குழாய் வரை போகும் மெல்லிய குழாய்) போட்டுக்கொள்வது உத்தமம்.

பக்கத்துக் கட்டிலில் 60 தாண்டிய ஒரு ஐயா, கழுத்தில் மட்டும் நோய், பல வருடம் பீடி. அவருக்கு 2 சைக்கிள், பிறகு கரண்ட் என்று முடிவானது. திங்கள் முதல் வெள்ளி வரை போய் இரண்டு வாரத்தில் முடிக்கிற வேலை. அவர் வயதில் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஃபாலிகுலர் என்ற வேறு வகை லிம்போமா என்றால் இந்தப் பேச்சே வேறு. முதல் நிலையில் பலருக்குக் கரண்ட் மட்டுமே வைத்தியம்.

பெட் ரிப்போர்ட்டில் டோவில் (Deauville) மதிப்பெண் எத்தனை என்று பாருங்கள்; 1 முதல் 5 வரை போடுவார்கள், கூடக் கூட நோய் மிச்சம் இருக்கும் சந்தேகம் கூடும். ராபிட்டில் 1, 2-ஐத்தான் சுத்தம் என்று எடுத்தார்கள். 3 இழுபறி. 4, 5 என்றால் கீமோவையே மாற்றலாமா என்ற பேச்சு வரும், கரண்ட் வேண்டாம் என்று அடம்பிடிக்க முடியாது. எனக்கு 2 வந்தது. 3 வந்திருந்தால் நானும் தலை ஆடாமல் பிடிக்கும் வலை மாஸ்க்கை முகத்தில் மாட்டிக்கொண்டு கரண்ட் வைக்கும் அந்த மேஜையில் படுத்திருப்பேன்.