குந்தா மழையும் அம்மாவின் நெபுலைசர் பேட்டரியும்

அம்மாவுக்கு மூச்சிரைப்பு. பெட்டியில் வைத்துத் தூக்கிப் போகிற மாதிரி, பேட்டரியிலும் ஓடும் ஒரு சின்ன கம்ப்ரசர் நெபுலைசரை (திரவ மருந்தை நுண்துளிகளாக்கி மூச்சில் இழுக்கத் தரும் மெஷின்) சில வருஷங்களுக்கு முன் ஸ்டுட்கார்ட்டில் வாங்கி, நீலகிரியில் குந்தா தாலுகாவில் இருக்கும் எங்கள் ஊர் மஞ்சூருக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தேன். இந்தத் தடவை ஆடி மழையில் ஊருக்கு வந்தபோது மெஷின் நன்றாக இருந்தது, பேட்டரி மட்டும் செத்திருந்தது. சுவரில் சொருகினால் ஓடும், பிடுங்கினால் ஒரு நிமிடம் முனகிவிட்டு நின்றுவிடும்.

பிளக்கில் ஓடுகிறதே, அப்புறம் என்ன என்று கேட்பவர்கள் மழைக்காலத்தில் குந்தா தாலுகாவுக்கு வந்து பார்க்க வேண்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததே, அந்தப் பக்கத்து மழைதான் எங்களுக்கும். காற்று ஒரு கற்பூர மரத்தையோ சீகை மரத்தையோ லைன் மேல் சாய்த்துவிட்டால் கரண்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. 1950-களில் கனடா உதவியோடு ஆரம்பித்த குந்தா மின்திட்டத்தின் பவர் ஹவுஸ்கள் எங்களைச் சுற்றித்தான் இருக்கின்றன. அப்பா மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். "நாங்க கீழ இருக்கிறவனுக்குத்தான் கரண்ட் எடுத்துக் கொடுத்தோம்" என்பது மெழுகுவத்தி ஏற்றும்போதெல்லாம் அவர் சொல்லும் வசனம். சிரிப்பெல்லாம் சரி, ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவுக்கு இழுக்க ஆரம்பித்தால் அந்த பேட்டரி வேண்டும்.

முதலில் ஜெர்மனியில் இருக்கும் கம்பெனிக்கு எழுதினேன். பேட்டரி பேக் 70 யூரோவுக்குச் சற்று மேல், ஆனால் இந்தியாவுக்கு அனுப்ப மாட்டோம் என்றார்கள். இதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. கருவியோடு சேராமல் தனியாக வரும் லித்தியம் அயான் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரலில் இருந்தே தடை இருக்கிறது. ஆனால் அதே பேட்டரியைப் பயணியாக நாம் கைப்பையில் கொண்டுவரலாம். 100 வாட் ஹவருக்கு (பேட்டரியில் அடங்கும் மின்சக்தியின் அளவு) கீழே இருக்க வேண்டும், முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் டேப் ஒட்டியிருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, அவ்வளவுதான். இந்த மாதிரி பேக் 20 வாட் ஹவரைச் சுற்றித்தான் வரும். கிளம்புவதற்கு முன் அப்பா போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். "நீ வரும்போது பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்மா" என்றார். ஊரில் இருக்கும் அப்பாக்கள் எல்லோரும் இப்படித்தான் போல.

இந்தியாவில் அதே கம்பெனியின் பெயரில் இயங்கும் வாடிக்கையாளர் சேவை எண்ணில் இசை கேட்டது தனிக் கதை. இந்த மாடலை நாங்கள் இங்கே விற்கவில்லை, அதனால் சர்வீஸ் இல்லை என்பதைச் சொல்ல அவர்களுக்கு மூன்று பேர் தேவைப்பட்டார்கள். ஊட்டியில் ஒரு சர்ஜிக்கல் கடையில் கேட்டபோது, பிளக்கில் மட்டும் ஓடும் புது நெபுலைசர் இரண்டாயிரத்துக்குள் இருக்கிறது, பழசை எதற்குக் கட்டி அழுகிறீர்கள் என்றார்கள். எனக்குத் தேவையே பிளக் இல்லாத நேரத்துக்கு என்பதை அந்தப் பையனுக்குப் புரியவைக்க முடியவில்லை.

மஞ்சூரில் இருந்து ஊட்டிக்கு பஸ்ஸில் போய்வந்தாலே பாதி நாள் போய்விடும். மழையில் அதற்கு மேலும் ஆகும். டாக்சி வைத்தால் ஊட்டி வண்டியாகவே வைப்பது நல்லது. வெளி மாவட்ட வண்டிக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். கோவை ஏர்போர்ட்டில் இருந்து வந்த வண்டிக்கு டிரைவரே போனில் எடுத்துவிட்டார், கல்லாறு பக்கம் காட்டிவிட்டு ஏறிவிட்டோம். அதில் சிரமம் ஒன்றும் இல்லை.

செல்போன் ரிப்பேர் கடைகளுக்கு ஊட்டியில் பஞ்சமே இல்லை. ஆனால் அவர்களுடைய கை போன் பேட்டரிக்குப் பழகியது: பழசைக் கழற்று, ரெடிமேடாக வந்ததை மாட்டு. என் பேட்டரி பேக்கைத் திறந்தால் உள்ளே இருந்தவை இரண்டு 18650 செல்கள், அதாவது 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம் கொண்ட உருளைகள். டார்ச்சிலும் பழைய லேப்டாப்பிலும் இருப்பவைதான். மார்க்கெட் பக்கம் ஒரு கடைக்காரர் மேஜை டிராயரில் இருந்து பளபளவென்று ஊதா நிறத்தில் இரண்டை எடுத்து, "9800 எம்ஏஎச் அக்கா, ஒரிஜினலைவிடப் பவர்" என்றார். எம்ஏஎச் என்பது செல்லில் எவ்வளவு சார்ஜ் அடங்கும் என்பதன் கணக்கு. இந்த அளவு செல்லில் உலகத்தில் யார் செய்தாலும் 3500, 3600 எம்ஏஎச்-சைத் தாண்டிப் பெரிதாகப் போக முடியாது. அட்டையில் 9800 என்று போட்டிருந்தாலே அதைத் தொட வேண்டாம். கையில் எடுத்தாலும் தெரியும். நல்ல செல் சுமார் 45 கிராம் கனக்கும், அது இறகு மாதிரி இருந்தது.

சாலிடரிங் அயர்ன் சூடாகிக்கொண்டிருந்த இன்னொரு கடையில், "இது நான் பண்ற வேலை இல்லைங்கக்கா. மருந்து மெஷின். நீங்க ஸ்ப்ரேயர் ரிப்பேர் பண்றவர்கிட்ட போங்க" என்று ஒரு தம்பி வழி சொன்னான். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவன்தான்.

ஸ்ப்ரேயர் என்றால் கேரட், உருளைக்கிழங்கு தோட்டங்களில் முதுகில் மாட்டி மருந்தடிக்கும் பேட்டரி ஸ்ப்ரேயர். எனக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று பிறகு நினைத்தேன். இந்த மலையில் பேட்டரி மேல் வாழ்வது விவசாயிதான்: ஸ்ப்ரேயர், ராத்திரி காட்டுமாடு விரட்ட ஹெட்லைட், இப்போது தேயிலை வெட்டும் மெஷினிலும் பேட்டரியில் ஓடுவது வந்துவிட்டது. அதையெல்லாம் சரிபார்க்கும் கடை, பலகைக் கதவு போட்ட ஒற்றை அறை. உள்ளே ஈரத் துணி வாசனை, சுவர் முழுக்கத் தொங்கும் ஸ்ப்ரேயர் டாங்க்குகள். நடுவில் ஸ்பாட் வெல்டிங் மெஷின் ஒன்று. அதைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. செல்லின் மேல் நேராக சாலிடர் வைத்தால் சூடு உள்ளே இறங்கி அதைக் கெடுத்துவிடும். நிக்கல் பட்டையை ஒரு நொடிகூடச் சூடு நிற்காமல் ஒட்டத்தான் இந்த வெல்டிங்.

கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். மல்டிமீட்டரை வைத்ததும் பேக் 6.1 வோல்ட் காட்டியது. முழு சார்ஜில் 8.4 இருக்க வேண்டும். "ரெண்டும் சேர்ந்து எளைச்சுதா, ஒண்ணு மட்டும் செத்துதான்னு பார்க்கலாம்" என்று ஒவ்வொன்றாக அளந்தார். ஒன்றில் 4.0, மற்றதில் 2.1. இரண்டு செல்கள் வரிசையாகக் கோத்திருக்கும்போது ஒன்று பின்தங்கிவிட்டால் பாதுகாப்பு போர்டு மொத்த பேக்கையும் நிறுத்திவிடும். மோட்டார் ஒரு நிமிடத்தில் நின்றதற்கு அதுதான் காரணம்.

அப்பாவுக்குள் இருந்த மின்வாரியம் இங்கே விழித்துக்கொண்டது. "அந்த ஒண்ணுக்கு மட்டும் வெளிய இருந்து ஜம்ப் குடுத்தா எழுந்துக்குமே தம்பி?"

"எழுந்துக்கும் ஐயா. அப்புறம் என்னிக்குப் படுக்கும்னு சொல்ல முடியாது. படுக்கும்போது புகைஞ்சாலும் புகையும்."

அவர் சொன்னது சரி. லித்தியம் அயான் செல் அளவுக்கு மீறி இறங்கி நாள்கணக்கில் கிடந்தால் உள்ளே இருக்கும் தாமிரத் தகடு கரைய ஆரம்பிக்கலாம். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த தாமிரம் வேறு இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கிற சாமானில் அந்தச் சோதனை வேண்டாம். அப்பாவும் சரி என்று தலையாட்டினார், மனசில்லாமல்தான்.

கெட்ட ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா என்றால், போதாது. புதிதும் பழசும் ஜோடி சேர்ந்தால் பழசு சீக்கிரம் காலியாகி அதே கதை திரும்பும். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்க வேண்டும், ஒட்டுவதற்கு முன் இரண்டும் ஒரே வோல்ட்டில் நிற்க வேண்டும். பழைய லேப்டாப் பேக்கில் இருந்து பிரித்த செல் என்றால் பாதி விலை என்று அவரே சொன்னார். வேண்டாம், புதிதே போடுங்கள் என்றேன். அதற்கு அவர் கேட்ட அடுத்த கேள்விதான் எனக்குப் பிடித்தது: "மோட்டார் எத்தனை ஆம்ப் இழுக்குது?" எம்ஏஎச் பார்த்து மட்டும் செல் வாங்கக் கூடாது. கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும் கணத்தில் ஓடும்போதைவிட அதிகம் இழுக்கும். அதைத் தாங்காத செல்லைப் போட்டால் வோல்ட் சடாரென்று விழுந்து மெஷின் அணைந்துவிடும். பெஞ்ச் சப்ளை என்ற மேஜை மின்கருவியில் நெபுலைசரை ஓட்டி அளந்துவிட்டு, கோவையில் இருந்து வரவழைக்க வேண்டும், போன் பண்ணுகிறேன் என்றார். கூரியர் ரோட்டில்தான் வரும், மழையில் ரோடு எப்படியோ அப்படி.

சொன்னபடி போன் வந்தது. இரண்டாம் தடவை போனபோது வேலையை முழுக்கப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பழைய பட்டையைக் கட்டிங் பிளையரால் ஒவ்வொன்றாகத்தான் உரித்தார், ஒரே சமயத்தில் இரண்டு முனையை உலோகம் தொட்டால் ஷார்ட். பாசிட்டிவ் முனையில் வளையமாக வெட்டிய பார்லி பேப்பர், அதாவது மின்சாரம் கடத்தாத காகிதம், வைத்தார். அதற்கு மேல் நிக்கல் பட்டை, அதற்கு மேல் மஞ்சள் டேப். பழைய பாதுகாப்பு போர்டு நன்றாக இருந்ததால் அதையே திருப்பி மாட்டினார். சிவப்பு, கறுப்பு ஒயர்களோடு மூன்றாவதாக மெல்லிசாக ஒரு வெள்ளை ஒயர் இருந்தது. செல்லின் சூட்டைப் பார்க்கும் சென்சார் அது. பலர் தேவையில்லை என்று வெட்டிவிடுவார்களாம். வெட்டினால் சில மெஷின்கள் சார்ஜ் ஏறவே விடாது. சிலர் சென்சாருக்குப் பதிலாக ஒரு ரெசிஸ்டரை வைத்து மெஷினை ஏமாற்றுவார்கள். அப்போது பேட்டரி கொதித்தாலும் மெஷினுக்குத் தெரியாது. இவர் அந்தச் சென்சாரை செல்லோடு ஒட்டி, மேலே நீல ஸ்லீவ் போட்டுச் சூடுகாட்டிச் சுருக்கினார். பேக் முதலில் பெட்டிக்குள் உட்காரவில்லை. பட்டை மடிப்பை மறுபடி பிரித்து ஒரு பக்கமாகத் தள்ளி ஒட்டினார். அப்புறம் கச்சிதமாக உட்கார்ந்தது.

செல் இரண்டும் கூலியும் சேர்த்து 950 ரூபாய். பில் கேட்டேன், ஸ்ப்ரேயர் கம்பெனி விளம்பரம் அச்சடித்த துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். முதல் சார்ஜைக் கடையிலேயே ஏற்றி, தொட்டுப் பார்த்து, சூடு இல்லை என்று உறுதியான பிறகுதான் கொடுத்தார். வீட்டில் முதல் சில தடவை சிமெண்டுத் தரையில் வைத்து, ஆள் முழித்திருக்கும்போது மட்டும் சார்ஜ் போடச் சொன்னார். பழைய செல் முனைகளில் டேப் ஒட்டி, மணல் போட்ட பெயிண்ட் டப்பாவில் போட்டார். சேர்ந்ததும் கோவைக்குப் பழைய பேட்டரி எடுப்பவரிடம் போகுமாம். உற்பத்தியாளர்தான் திரும்பச் சேகரிக்க வேண்டும் என்று 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் சொல்கின்றன. ஜெர்மனியில் பேட்டரி விற்கும் சூப்பர் மார்க்கெட்டின் வாசலிலேயே அதற்குப் பெட்டி இருக்கும். ஊட்டியில் என் கண்ணில் பட்டது இந்தப் பெயிண்ட் டப்பாதான்.

ஜெர்மனியை உயர்த்திச் சொல்ல இதை எழுதவில்லை. அங்கே இதே பேக்கைத் திறந்து செல் மாற்றித் தர ஆள் தேடினால் கிடைப்பது கஷ்டம், கிடைத்தால் கூலி புது மெஷின் விலையைத் தொடும். பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி சாதனங்களைச் செய்ய வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு, 2027 பிப்ரவரியில்தான் அது அமலுக்கு வருகிறது, அதிலும் சில விலக்குகளோடு. மஞ்சள் டேப்பும் பார்லி பேப்பருமாக இவர் செய்தது அந்தச் சட்டத்துக்குக் காத்திருக்காத வேலை. ஆனால் உத்தரவாதம் என்று எதுவும் கிடையாது. ஸ்பாட் வெல்டிங் இல்லாத, மல்டிமீட்டரைத் தொடாத, செல்லின் மாடல் நம்பரைக் காட்டாத கடையாக இருந்தால் நான் கொடுத்திருக்கவே மாட்டேன்.

இனி வீட்டு விஷயம். அப்பா மெஷினை வருஷம் முழுக்க பிளக்கிலேயே சொருகி வைத்திருந்தார். முழு சார்ஜிலேயே கிடந்தால் லித்தியம் செல் சீக்கிரம் கிழடாகும். வெயில் மாதங்களில் பாதி சார்ஜில் எடுத்து வைத்து அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம், மழை பிடிக்கும் முன் முழுக்க ஏற்றிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். காலண்டரில் குறித்திருக்கிறார்.

பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து, மருந்தோடு இரண்டு சொட்டு நீலகிரித் தைலம் விட்டால் நெஞ்சு இன்னும் திறக்கும் என்றார். தைலம் காய்ச்சும் ஊரில் யாருக்கும் வரும் யோசனைதான். நெபுலைசரில் அதைச் செய்யவே கூடாது. சட்டியில் கொதிக்கும் தண்ணீரின் ஆவி வேறு. நெபுலைசர் திரவத்தையே நுண்ணிய துளிகளாக உடைத்து நுரையீரலின் அடிவரை அனுப்பும். எண்ணெய்த் துளி அங்கே போனால் அழற்சி உண்டாகும், ஒருவித நிமோனியாவாகவும் மாறலாம். மருத்துவர் எழுதிக் கொடுத்த நெபுலைசர் மருந்தும் உப்புநீரும் தவிர அந்தக் கப்பில் வேறு எதுவும் போகக் கூடாது.

அரசு மருத்துவமனையில் அம்மாவைப் பார்த்த டாக்டர் இன்னொன்றும் சொன்னார். ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாயோடு இன்ஹேலரைச் சரியாக இழுத்தால் பெரும்பாலான நேரங்களில் நெபுலைசருக்குச் சமமான பலன் கிடைக்கும், அதற்கு கரண்டும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். இத்தனை அலைச்சலுக்குப் பிறகு இதைக் கேட்டதும் சிரிப்புதான் வந்தது. ஸ்பேசரும் வாங்கி வைத்தாயிற்று. அம்மாவுக்கு மெஷின் மேல்தான் நம்பிக்கை.

ஸ்டுட்கார்ட்டில் உடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, மூலிகையைச் சூடாக்கி ஆவியை இழுக்கும் தன் கையடக்க வேப்பரைசரிலும் இதே மாதிரி இரண்டு செல்தான், டிசம்பரில் ஊட்டிக்கு வரும்போது கொண்டுவந்து மாற்றிக்கொள்ளட்டுமா என்று மெசேஜ் போட்டார். செல் ஒரே மாதிரிதான், சட்டம் வேறு. 2019 மின்சிகரெட் தடைச் சட்டத்தின் விளக்கத்தில், ஒரு பொருளைச் சூடாக்கி உள்ளிழுக்க ஆவியாக்கும் மின்னணுச் சாதனம் என்று பொதுவாகவே சொல்லியிருக்கிறது. நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வித்தியாசம் இல்லை. இறக்குமதிக்கு முதல் தடவையே ஒரு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உள்ளே மூலிகைதான் என்று ஏர்போர்ட்டில் வாதாடிக்கொண்டு நிற்க முடியாது. அதை அங்கேயே யாரிடமாவது மாற்றிக்கொள்ளுங்கள், இங்கே வரும்போது ஸ்வெட்டர் மட்டும் போதும் என்று பதில் எழுதிவிட்டேன்.