இணையவழிப் பட்டா சேவை: தோட்டத்துக்காரர் பார்வையில்

தமிழக அரசின் ஈசர்வீசஸ் இணையதளத்தில் பட்டா எடுக்கக் கட்டணம் கிடையாது. மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்து, பட்டா எண்ணோ புல எண்ணோ கொடுத்து, கைப்பேசிக்கு வரும் ஓடிபியை இட்டால் போதும்.

பலர் தடுக்கி விழுவது கிராமப் பெயரில்தான். அவிநாசிப் பக்கமோ பொள்ளாச்சிப் பக்கமோ, ஊர் வழக்கில் சொல்லும் குக்கிராமப் பெயர் பட்டியலில் இருக்காது. வருவாய்த்துறைப் பதிவில் உள்ள வருவாய்க் கிராமப் பெயர் வேண்டும். வரி ரசீதைப் பாருங்கள். புல எண்ணின் உட்பிரிவைத் தவறாகக் கொடுத்தால் பக்கத்துக் காட்டுக்காரர் பட்டாதான் வரும்! வீடு நத்தத்தில் (ஊர்க் குடியிருப்பு நிலத்தில்) இருந்தால் அதைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நிலத்தின் அளவுகளைக் காட்டும் புலப்படமும் இங்கேயே கிடைப்பது பெரிய வசதி. ஆனால் பொதுக் கிணற்றுப் பங்கும் வண்டித்தட உரிமையும் பட்டாவில் தெரியாது. அதற்குப் பத்திரத்தைத்தான் புரட்ட வேண்டும். வில்லங்கம் பார்க்கப் பதிவுத்துறைத் தளம் வேறு.