விலாசம் இல்லாத நோயாளி

ஊரில் அரசு மருத்துவச் சேவை எப்படி என்று டொராண்டோ நண்பர்கள் கேட்டால், இனி இரண்டு பதில் சொல்ல வேண்டும். என் பெரியம்மாவுக்குக் கிடைப்பது ஒன்று. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் செவிலியர் வீட்டுக்கே வந்து படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப் போட்டு, நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறார். குறை சொல்ல ஒன்றுமில்லை.

மற்றது, நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தின் அருகே பூட்டிய கடைத் திண்ணையில் படுத்திருக்கும் பெரியவருக்குக் கிடைப்பது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போனவர். வாய்ப்புற்று கன்னத்தைத் துளைத்துவிட்டது. ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். துணைக்கு ஆளில்லை என்றதும் மருந்துச் சீட்டோடு அனுப்பிவிட்டார்கள்.

பெரியம்மாவைப் பார்க்க வரும் சிஸ்டரிடம் சொன்னேன். “விலாசம் என்று எதை எழுதுவது?” என்று யோசித்தவர், வேலை முடிந்ததும் தானாகவே வந்தார். “வலியை விடு மக்களே, இந்த நாற்றம் போனால் போதும்” என்றார் பெரியவர். புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினார் சிஸ்டர். நாற்றத்தை உண்டாக்கும் கிருமிகளை அது அடக்குமாம். சில நாட்களில், அதுவரை அவரை விரட்டிக்கொண்டிருந்த டீக்கடை அண்ணாச்சியே கஞ்சி கொடுத்தனுப்பினார்.

கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின்தான் சிக்கல். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மாத்திரை கொடுக்க வேண்டும். அது மலத்தைக் கட்டும் என்பதால் இளக்கும் மருந்தும் கூடவே வேண்டும். காசு கொடுத்துக் கழிப்பறைக்குப் போகிறவர் அதை எப்படிச் சாப்பிடுவார்? தலைமாட்டுப் பையில் மாத்திரையை வைத்தால் விடிவதற்குள் பையே இருக்காது. போதைப்பொருள் சட்டத்தை 2014இல் திருத்தி, மருத்துவமனைகள் மார்ஃபின் வாங்குவதை எளிதாக்கினார்கள். பூட்டி வைக்க ஓர் அலமாரி இல்லாதவருக்கு அதனால் என்ன?

டொராண்டோவில் அதே 2014இல் தொடங்கிய ‘பீச்’ (PEACH) என்ற வலிதணிப்பு மருத்துவக் குழு, வீடற்ற நோயாளிகளைக் காப்பகத்திலும் தெருவிலும் தேடிப் போய்ப் பார்க்கிறது. அதை இங்கே தூக்கிவர வேண்டியதில்லை. தெருவுக்கு வரத் தயங்காத செவிலியர் இருக்கிறார். நகர்ப்புற வீடற்றோர் விடுதிகளும் தமிழகத்தில் உண்டு. ஆனால் நாங்கள் கேட்ட விடுதியில், எழுந்து நடமாட முடியாதவரைச் சேர்க்க மாட்டோம் என்றார்கள்.

விடுதியில் இரண்டு கட்டில், ஒரு பூட்டு அலமாரி, மாத்திரை எடுத்துக்கொடுக்க ஓர் ஆள், விலாசம் இல்லாதவர் பெயரும் செவிலியர் பட்டியலில் ஏற வழி. இவற்றைக் கேட்டு, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன். நான் கிளம்பிய பிறகு அத்தான் போய் விசாரிப்பார்.