லா போஎம்: பாரிஸிலா, தாராவியிலா?

இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் 'லா போஎம்' ஓபராவை, அதாவது பாடியே நடிக்கும் இசை நாடகத்தை, தமிழில் மேடையேற்ற மும்பை மாட்டுங்காவில் பேசிக்கொண்டிருக்கிறோம். 1896இல் டூரினில் முதலில் அரங்கேறியது. கதையை 1830களின் பாரிஸிலேயே விடுவதா, தாராவிக்குக் கொண்டுவருவதா?

பாரிஸில் விட்டால் இசையோடு உரசல் இல்லை. மெழுகுவத்தி அணைகிறது, இருட்டில் சாவியைத் தேடும்போது ஏழைக் கவிஞன் ரொடோல்ஃபோவின் கை, அண்டை வீட்டுப் பெண் மிமியின் கையில் படுகிறது. சில்லென்ற கை. அந்தக் குளிரில்தான் காதலே தொடங்குகிறது. மும்பையில் அதற்கு எங்கே போவது? ஜூலை மழையில் நனைந்து வந்த கை, கரண்ட் போன அறை... சரி, ஓரளவு ஒட்டும்.

தாராவி என்றால் வேறு கேள்வி. ஓபராவில் மிமி காசநோயில் சாகிறாள். அன்று அதற்கு மருந்தில்லை. இன்று பெரும்பாலும் ஆறு மாத மாத்திரையில் குணமாகும், அரசு மருத்துவமனையில் இலவசம். அப்புறம் மிமி ஏன் சாகிறாள்? கூலி போய்விடுமே என்று மாத்திரையைப் பாதியில் விட்டிருப்பாள், கிருமி மருந்துக்குக் கட்டுப்படாமல் போயிருக்கும். அதை மேடையில் காட்டினால் பார்ப்பவர் அழுவதோடு நிற்கமாட்டார், கோபப்படுவார். எனக்கு இதுதான் வேண்டும்.

அரங்கச் செலவும் தாராவிக்குக் குறைவு. மருந்துக்காக நண்பன் கொல்லீனே தன் பழைய ஓவர்கோட்டை இழக்கும் இடம்தான் இன்னும் பிடிபடவில்லை. மிமி பூத்தையல் போடுகிறவள். அவளுடைய தையல் மெஷினையே அடகுக்கு அனுப்பலாம் என்று சொல்லியிருக்கிறேன்.