அரையாண்டு விடுமுறைக்கு ஏற்காடா, மேட்டூரா?

காலையில் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப வேண்டும் என்றால், சேலத்துக்காரர்களின் பேச்சு கடைசியில் இந்த இரண்டு ஊர்களில்தான் வந்து நிற்கும். ஏற்காடு 30 கி.மீ. சொச்சம், மேட்டூர் ஏறக்குறைய 50. பாட்டி தாத்தாவும் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே வண்டியில் கிளம்பும் டிசம்பர் விடுமுறைக்கு என் ஓட்டு ஏற்காட்டுக்கே.

செலவு மேட்டூரில் குறைவு, அதில் விவாதமே இல்லை. ஓமலூர், மேச்சேரி வழியாகச் சமதளச் சாலை. மேட்டூர் அணையிலிருந்து டெல்டாப் பாசனத்துக்கு ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை தண்ணீர் விடுவது வழக்கம் என்பதால், கோடையைவிட டிசம்பரில் காவிரி ஆறு பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் 16 கண் மதகில் தண்ணீர் பாய்வதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று எண்ணிப் போக வேண்டாம். அணை 120 அடியை எட்டி உபரிநீர் வெளியேறும் நாட்களில்தான் அந்தக் காட்சி. மீன் வறுவலில் சின்னப் பிள்ளைகளுக்கு ஜிலேபி மீனைக் கேட்டு வாங்குங்கள். கட்லா, ரோகு இரண்டிலும் சதைக்குள் நுண்முள் உண்டு, வால் பக்கத்தில் இன்னும் அதிகம். ஆற்றில் யாரையும் இறங்க விடாதீர்கள். திறப்பு கூடினால் மட்டம் சட்டென்று ஏறும். பூங்காவும் மீனும் முடிந்தால் மதியத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு அங்கே பிடிப்பு குறைந்துவிடும். மேட்டூரில் எனக்குள்ள குறை அது ஒன்றுதான்.

ஏற்காட்டில் அந்தக் குறை கிடையாது. சேலத்தைவிட 1,200 மீட்டர் உயரம் என்பதால் வெயில் ஏழெட்டு டிகிரி குறைவு. டிசம்பரில் காபிச் செடிகளில் பழம் சிவந்து நிற்கும், களத்தில் காயப் போட்டிருப்பார்கள். தினமும் குடிக்கும் காபி எங்கிருந்து வருகிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்க்கலாம். சேர்வராயன் கோயில் மேட்டுக்கு வண்டியிலேயே போய்விடலாம். பெரியவர்களுக்கு அதிக நடை இல்லை, மேலே போனால் அகலமான சமவெளி. குகைக் கோயில் என்பதால் உள்ளே குனிந்துதான் போக வேண்டும், அதை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் வந்தால் கிளியூர் அருவியைத் தவிர்த்துவிடலாம். இறங்குவது எளிது, ஈரப் படியில் திரும்ப ஏறுவதுதான் பாடு. ஏரியில் கூட்டம் நிற்கிறதென்றால் நேராக லூப் ரோட்டுக்குத் திருப்புங்கள். 32 கி.மீ. தோட்டங்களுக்கு நடுவே போகும் அந்தச் சாலையில் அமைதியும் நிழலும் கிடைக்கும்.

ஆனால் ஏற்காட்டுப் பயணம் இனிப்பதும் கசப்பதும் மலைப் பாதையில்தான். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். இதில் கோட்டை விட்டால் மேலே எத்தனை அழகு இருந்தும் பயனில்லை.

முதலில் வாந்தி. உடம்பு திரும்புகிறது என்று உள்காது சொல்ல, கைபேசித் திரையில் பதிந்த கண் அசையவில்லை என்று சொல்லும். இந்த முரண்தான் குமட்டல். வெறும் வயிறும் ஆகாது, பூரியும் பாலும் ஆகாது. கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். கைபேசியை வாங்கி வைத்துவிட்டு, வளைவுப் பலகைகளில் உள்ள எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். கண் முன்னால் சாலையைப் பார்க்கும், குமட்டலும் குறையும். மாத்திரை தருவதானால் மருத்துவரைக் கேட்டு, மலை ஏறும் முன்பே தர வேண்டும். குமட்டிய பிறகு கொடுத்தால் தங்காது.

அடுத்தது இறக்கம். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும், பெரும்பாலும் இரண்டாவது. நான்காவதில் விட்டுவிட்டு பிரேக்கிலேயே கால் வைத்து வந்தால் பேட் சூடேறித் தீய்ந்த வாடை வரும். அதற்குப் பின் பெடல் அழுத்தினாலும் பிடிக்காது. வாடை வந்தால் அகலமான இடத்தில் ஒதுக்கி இருபது நிமிடம் ஆற விடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிவிடும். ஆட்டோமேட்டிக் காரில் 'டி'யில் வராமல் 'எல்' அல்லது மேனுவலுக்கு மாற்றுங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இரண்டு பேர் என்றால் இன்னும் கவனம். வேகம் மிகக் குறைந்தால் கிளட்ச் விட்டுவிடும், எஞ்சின் பிடிக்காமல் முழுப் பாரமும் பிரேக்கில் விழும். குழந்தையை ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் போவதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். அதற்குப் பேருந்து இருக்கிறது.

மூன்றாவது, கிளம்பும் நேரம். மலைக்குப் போகும் வழியில் உள்ள கோரிமேட்டைக் காலை ஆறு மணிக்குத் தாண்டினால் பாதை காலியாக இருக்கும். ஒன்பதுக்கு மேல் வளைவுக்கு வளைவு நிற்க நேரும், ஏற்றத்தில் அரை கிளட்சில் நின்றால் கிளட்ச் தேயும். நிற்கும்போது கை பிரேக் போட்டுவிட்டு நியூட்ரலுக்கு வாருங்கள். ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குபவர் ஒதுங்க வேண்டும். பகோடா பாயின்ட், லேடீஸ் சீட் ஆகிய இரண்டு காட்சி முனைகளையும் முடித்து மூன்று மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள். மாலையில் மூடுபனி இறங்கினால் ஹைபீம் விளக்கு கண்ணைத்தான் கூசவைக்கும், லோபீம்தான் சரி. குரங்குகள் கவரைப் பார்த்தால் பறிக்கும், ஜன்னலை ஏற்றிவிடுங்கள்.

மலைக்கு இன்னொரு பாதையான குப்பனூர் வழி சுற்றுத்தான், ஆனால் வளைவு குறைவு. வாந்திக்குப் பயப்படுகிறவர்கள் இருந்தால் திரும்புவதற்காவது அதைத் தேர்ந்தெடுங்கள். பெருமழைக்குப் பிறகு மண் சரிந்து அடைபடுவதுண்டு, மேலே கடைகளில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். கோடை விழா நாட்களில் அடிவாரம் வழியாக ஏறவிட்டு, இந்த வழியாகவே இறங்கச் சொல்வதும் உண்டு.

வீட்டில் கைக்குழந்தையோ, அண்மையில் அறுவை சிகிச்சை ஆனவரோ இருந்தால் யோசிக்காமல் மேட்டூர் போங்கள். காபித் தூளும் மிளகும் யாராவது மலைக்குப் போகும்போது வாங்கி வருவார்கள்.