ஹிஸ்டோன் ஆன்டிபாடி வாங்கறவங்க கவனம்: 17 கிலோடால்டன்ல பேண்ட் வந்துடுச்சுன்னு நம்பிடாதீங்க

எபிஜெனடிக்ஸ் லேப்ல இருக்கறவங்க, புதுசா பிஎச்டி சேர்ந்திருக்கற தம்பி தங்கச்சிங்க எல்லாரும் இத முழுசா படிச்சிடுங்க. எனக்கு நாலு மாசம் போச்சு, கான்டிஞ்ஜென்சி காசுல பாதி போச்சு.

நான் பாக்கறது மனுஷ செல்லுல டிஎன்ஏ சுத்திக்கற ஹிஸ்டோன் எச்3ங்கற புரோட்டீனோட 27வது லைசின்ல (லைசின் ஒரு அமினோ அமிலம்) மூணு மெத்தில் ஒட்டியிருக்கற மார்க், எச்3கே27எம்இ3. சீனியர் அக்கா காலத்துலேர்ந்து அந்த மார்க்க பிடிச்சு காட்டறதுக்கு ஒரு முயல் பாலிகுளோனல் (பல வகை ஆன்டிபாடி கலந்த) ஆன்டிபாடி வச்சிருந்தோம், அருமையா வேலை செஞ்சது. அது தீர்ந்ததும் அதே கேட்டலாக் நம்பர் போட்டு டீலர்கிட்ட ஆர்டர் குடுத்தோம், நாலு வாரம்னு சொன்னவங்க ஒன்பது வாரம் இழுத்தாங்க, பார்சல் வந்த அன்னிக்கு தெர்மோகோல் பெட்டிய திறந்தா ஜெல் பேக் மொத்தமா உருகி கெடக்கு, ஆன்டிபாடி இருக்கற வயல (சின்ன குப்பி) தொட்டா சில்லுன்னு கூட இல்ல. போட்டோ எடுத்து அனுப்பினேன், "கிளிசரால்லதான இருக்கு மேடம், ஒண்ணும் ஆகாது"ன்னாங்க. அன்னிக்கே திருப்பி அனுப்பியிருக்கணும், விட்டுட்டேன்.

ஆனா நான் ஏமாந்தது அதுல இல்ல. வெஸ்டர்ன் பிளாட்ல (புரோட்டீன்கள ஜெல்ல சைஸ் வாரியா பிரிச்சு ஆன்டிபாடியால காட்டற சோதனை) 15 பர்சன்ட் ஜெல், 0.2 மைக்ரான் மெம்பரேன், ஹீலா லைசேட் (ஹீலா செல்ல உடைச்ச கரைசல்) போட்டு ஓட்டினா 17 கிலோடால்டன் கிட்ட பளிச்சுன்னு ஒரே பேண்ட், டேட்டா ஷீட் படத்துல இருக்கற மாதிரியே. நம்பி எக்ஸ்பெரிமென்ட் ஆரம்பிச்சேன். அந்த மெத்தில ஒட்டற என்சைம் இஇசட்எச்2, அத இன்ஹிபிட்டர் போட்டு அடைச்சா செல் பிரிய பிரிய மார்க் குறைஞ்சுகிட்டே வரணும், நாலஞ்சு நாள்ல நல்லா தெரியணும். குறையவே இல்ல. மருந்து கெட்டுப்போச்சோன்னு புதுசா கரைச்சேன், டோஸ் ஏத்தினேன், நாள் கூட்டினேன், புது செல் எடுத்து வளத்தேன், கைட் என் கை மேலயே சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டார், ஹாஸ்டல் போய் அழுத ராத்திரி எல்லாம் உண்டு.

பக்கத்து லேப் அண்ணா ஒருத்தர்தான் பெப்டைட் டாட் பிளாட் போட்டு பாருமான்னார், அதாவது மார்க் இருக்கற சின்ன புரோட்டீன் துண்டுகள மெம்பரேன்ல பொட்டா வச்சு ஆன்டிபாடி எத பிடிக்குதுன்னு பாக்கறது. அவங்ககிட்டயே பெப்டைட் வாங்கி வரிசையா பொட்டு வச்சேன்: மெத்தில் இல்லாத எச்3, கே4எம்இ3 (4வது லைசின்ல மூணு மெத்தில்), கே9எம்இ3 (9வதுல மூணு), கே27எம்இ3. டெவலப் பண்ணா முதல் ரெண்டு இடமும் வெறுமை, கே27 பொட்டு நல்ல கருப்பு, கே9 பொட்டும் கிட்டத்தட்ட அதே கருப்பு. எனக்கு கையும் ஓடல காலும் ஓடல.

எச்3 வால்ல 9வது லைசினுக்கும் 27வது லைசினுக்கும் அக்கம்பக்கம் ஒண்ணேதான்: அலனின், அர்ஜினின், லைசின், செரின். அந்த நாலோட நின்னுட்டு அதத் தாண்டி பாக்காத ஆன்டிபாடி ரெண்டையும் பிடிச்சுக்கும். ரெண்டு மார்க்கும் ஒரே புரோட்டீன்ல இருக்கறதால எத பிடிச்சாலும் பேண்ட் 17லதான் வரும். வேற புரோட்டீன்னா தப்பான சைஸ்ல பேண்ட் வந்து மாட்டிவிட்டுடும், ஹிஸ்டோன் மார்க்ல அந்த வசதி கிடையாது. கே27 குறைஞ்சாலும் கே9 அப்படியே இருக்கும், நான் அதத்தான் நாலு மாசமா பாத்துட்டு இருந்திருக்கேன்.

பழைய வயல் காலிய தேடி எடுத்தேன், லாட் (தயாரிப்பு பேட்ச்) நம்பர் வேற. பாலிகுளோனல்னா முயல் ரத்தத்துலேர்ந்து எடுக்கறது, அந்த முயல் போனா அடுத்த முயலோட சீரம் வேற சரக்கு, கேட்டலாக் நம்பர் மட்டும் அதேதான். டேட்டா ஷீட் படமும் பழைய லாட்டோடது. இது என் ஒருத்தி கதை இல்ல, 2011ல நேச்சர் ஸ்ட்ரக்சுரல் அண்ட் மாலிகுலர் பயாலஜில ஒரு பேப்பர் வந்துச்சு, 200க்கு மேல ஹிஸ்டோன் மாடிஃபிகேஷன் ஆன்டிபாடிய சோதிச்சதுல 25 சதவீதத்துக்கு மேல டாட் பிளாட் இல்ல வெஸ்டர்ன்லயே தேறல.

டீலர்கிட்ட டாட் பிளாட் படத்தோட போனா, "பேண்ட் வருதே மேடம், அப்புறம் என்ன கம்ப்ளைன்ட்"ங்கறாங்க. காசு திரும்ப கிடையாதாம். ரொம்ப சண்டை போட்டப்புறம் மாத்தி ஒரு வயல் அனுப்பினாங்க, பிரிச்சுப் பாத்தா அதே லாட்!

இப்ப நாங்க பர்ச்சேஸ் ஆர்டருக்கு முன்னாடியே லாட் நம்பரும் அந்த லாட்டோட டாட் பிளாட்டும் எழுத்துல கேக்கறோம், குடுக்கலன்னா வாங்கறதில்ல. விலை கூடன்னாலும் ரீகாம்பினன்ட் முயல் மோனோகுளோனலுக்கு (ஒரே வகை ஆன்டிபாடி) மாறிட்டோம், அது சீக்வென்ஸ் தெரிஞ்சு செய்யறது, முயலுக்கு முயல் மாறற பிரச்சனை இல்ல. அதையும் சும்மா நம்பறதில்ல, இன்ஹிபிட்டர் போட்ட லைசேட்டும் போடாததும் ஜோடியா மைனஸ் 80ல இருக்கு, எந்த வயல் வந்தாலும் முதல்ல அதுலதான் ஓட்டறோம். புது லாட் கையில வச்சிருக்கறவங்க சிப் (மார்க் இருக்கற இடத்து டிஎன்ஏவ ஆன்டிபாடியால பிடிச்சு எடுக்கற சோதனை) சாம்பிள்ல ஊத்தறதுக்கு முன்னாடி டாட் பிளாட் ஒண்ணு போட்டுடுங்க, ஒரு நாள் வேலைதான்.