ஆர்பிபி4 ஆன்டிபாடி வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஆன்டிபாடி என்பது ஒரு குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டி அதைக் காட்டித்தர வேண்டிய பொருள். அப்படி ஒன்றைத் தவறாக வாங்கியதில் 38,000 ரூபாயும் நான்கு மாதமும் போய்விட்டன. விற்றவர்களின் பெயர் வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

கல்லீரலில் இருக்கும் வைட்டமின் ஏ-வை இரத்தத்தில் சுமந்துபோவது ஆர்பிபி4 என்ற புரதம். எடை வெறும் 21 கிலோடால்டன் (புரத மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு). தனியாகப் போனால் சிறுநீரகம் வடிகட்டிவிடும், அதனால் டிரான்ஸ்தைரெட்டின் என்ற பெரிய புரதத்தோடு சேர்ந்தே ஓடும். இன்சுலின் எதிர்ப்போடு இதற்குத் தொடர்பு உண்டு என்று 2005-இல் வெளியானதிலிருந்து சர்க்கரை நோய் ஆய்வில் இருக்கும் பலர் இதை அளக்கிறார்கள், நானும்தான்.

நான் வாங்கியது ஆறு வாரம் காத்திருந்து வந்த ஒரு பாலிகுளோனல், அதாவது பல ஆன்டிபாடிகளின் கலவை. நோயாளிகளின் சீரத்தில் (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, ஆன்டிபாடி ஒட்டும் இடத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) போட்டால் 66 கிலோடால்டன் பக்கத்தில் தடியாக ஒரு பேண்ட், 21-இல் ஒன்றுமே இல்லை. விற்றவர்களிடம் கேட்டதற்கு, அது டிரான்ஸ்தைரெட்டினோடு ஒட்டிய ஆர்பிபி4 என்று பதில் எழுதினார்கள். முதலில் நம்பிவிட்டேன். ஆனால் அந்த ஒட்டு அவ்வளவு உறுதியானது இல்லை, எஸ்டிஎஸ் என்ற சோப்பு போன்ற பொருளைச் சேர்த்துக் கொதிக்க வைத்தால் பிரிந்துவிடும், நான் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்துத்தான் ஜெல்லில் ஏற்றியிருந்தேன். சந்தேகம் வந்து, சீரத்தில் மிக அதிகமாக இருக்கும், கிட்டத்தட்ட 66 கிலோடால்டன் எடையுள்ள ஆல்புமின் புரதத்தை நீக்கிவிட்டுப் போட்டேன், 66 பேண்ட் கிட்டத்தட்ட காணாமல் போனது. அதாவது இத்தனை நாள் நான் அளந்தது ஆல்புமினை! ஆர்பிபி4-ஐத் தானே உண்டாக்கும் ஹெப்ஜி2 என்ற கல்லீரல் செல்களிலும் 21-இல் எதுவும் தெரியவில்லை. பக்கத்து ஆய்வகத் தோழி தன்னிடமிருந்த வேறொரு ஆன்டிபாடியில் கொஞ்சம் கொடுத்தாள், அதே மாதிரியில் 21 பளிச்சென்று வந்தது.

இதற்கு நடுவில் உறுதிசெய்துகொள்ளலாம் என்று இன்னொரு விற்பனையாளரின் ஆன்டிபாடியையும் பார்த்து வைத்திருந்தேன், நல்லவேளை வாங்கவில்லை. விவரத்தாளைத் திறந்தால் நான் வாங்கியதன் தாளில் இருந்த அதே படம், கீறல்கூட அதே இடத்தில். ஒரே சரக்கு, இரண்டு லேபிள். அந்தப் படத்திலும் சுத்திகரித்த மறுசேர்க்கைப் புரதம் (ஆய்வகத்தில் செல்களைக் கொண்டு உண்டாக்கியது) மட்டும்தான், சீரம் ஏற்றிய லேன் (ஜெல்லின் ஒரு வரிசை) கிடையாது. அப்படித் தனிப் புரதத்தை வைத்தால் அதில் கொஞ்சமாவது ஒட்டும் எந்த ஆன்டிபாடியும் பெரும்பாலும் ஒரே ஒரு பேண்ட்தான் காட்டும்.

பணம் திரும்பக் கேட்டேன். "உங்கள் முறையில் பிழை" என்றார்கள், அப்புறம் பதிலே இல்லை.

இப்போது ஆர்டர் போடும் முன் மூன்றைக் கேட்கிறேன்: சீரத்தில் போட்ட முழு பிளாட், ஆர்பிபி4 மரபணு நீக்கிய செல்லின் லேன் (அதில் பேண்ட் வரக்கூடாது), எனக்கு வரப்போகும் லாட்டின் (தயாரிப்புத் தொகுதியின்) சோதனைத் தாள். தரமாட்டோம் என்றால் வாங்குவதில்லை. நீங்களும் கேளுங்கள், முக்கியமாக நோயாளிகளின் இரத்தத்தில் வேலை செய்கிறவர்கள். என்னிடமிருந்த மாதிரிகளில் பதினோரு பேருடையது இதிலேயே தீர்ந்துவிட்டது, அவர்களிடம் மறுபடி இரத்தம் கேட்டு ஊசி குத்த எனக்கு மனசு வரவில்லை.